தண்டவாளமில்லாத ரயில் கேட்

தங்கையா அண்ணனைப் பற்றி எழுத வேண்டுமானால், அவர் பஸ்ஸை நிறுத்துகிற இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரெம்பியாவிலிருந்து மலாக்கா பட்டணத்துக்கு வரும் வழியில், ரப்பர் மரங்கள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், சாலைக்குக் குறுக்கே ஒரு மண்மேடு போகும். சண்டைக்கு முன்னால் அது ரயில் பாதை. ஜப்பான்காரன் தண்டவாளத்தை முழுக்கப் பெயர்த்துக்கொண்டு போய் சயாமில் தான் போட்ட ரயிலுக்கு வைத்துக்கொண்டான். மிஞ்சியது அந்த மேடும், கேட் இருந்த இடத்தில் இரண்டு இரும்புக் கம்பங்களும்தான். அந்த இடம் வந்ததும் தங்கையா அண்ணன் பஸ்ஸை நிறுத்துவார். இடது பக்கம் பார்ப்பார். வலது பக்கம் பார்ப்பார். அப்புறம்தான் கியரைப் போடுவார்.

மழையானாலும் வெயிலானாலும், பஸ் காலியாக இருந்தாலும் நிரம்பி வழிந்தாலும் இதில் மாற்றம் கிடையாது. பஸ்ஸில் இருக்கிறவர்கள் சும்மா விடுவார்களா?

"என்னாண்ணே, இன்னிக்கு மெயில் லேட்டா?"

"கொடி காட்டிட்டான், போவலாம்லா!"

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "கொஞ்சம் பொறுத்தா ஒங்க பாசாரு ஓடிப் போயிராதுலா" என்பார். அவ்வளவுதான். இந்தக் கேலியில் என் குரலும் உண்டு. சொல்லப்போனால் என் குரல்தான் மற்ற குரல்களைவிடக் கொஞ்சம் சத்தமாக இருக்கும்.

என் பெயர் கணேசமூர்த்தி. பட்டணத்தில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கெழுதுகிற கிராணி. லாரி போடுகிற சோற்றைத் தின்கிறவன் ரயிலுக்காகப் பேசுவானா? ஐம்பத்திரண்டில் மலாக்காவில் இதுதான் பேச்சு. ஆற்றுப் பாலத்தில் மாட்டு வண்டியும் மூன்று சக்கரத் திரிஷாவும் லாரியும் பட்டாளத்து வண்டியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். காலையில் பாலத்தின் ஒரு பக்கம் ஏறிய மீன், மறுபக்கம் இறங்கும்போது கருவாடாகிவிடும் என்று உம்பாய் ஊர் மீன்காரர்கள் சொல்வார்கள். பழைய ரயில் பாதையைத் திரும்பப் போட்டுக் கூட்டத்தைக் குறைப்பதா, அல்லது புதுச் சாலை போடுவதா என்று பொதுமக்களைக் கேட்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அவ்வளவுதான், சிவசாமி தேத்தண்ணிக் கடை இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒரு மேசை ரயில் கட்சி. ஒரு மேசை ரோடு கட்சி.

ரோடு கட்சிக்கு நான் தலைவன். வெளிநாட்டில் தூண் நட்டு, கடைக்கும் வீட்டுக்கும் மேலேயே சாலை போடுகிறார்களாம் என்று எங்கோ படித்திருந்தேன். "நமக்கும் அப்படித் தூக்கிக் கட்டின ரோடுதான் வேணும். கீழ மாட்டு வண்டி போவட்டும், மேல லாரி பறக்கும்" என்று மேசையைத் தட்டினேன்.

ரயில் மேசையிலிருந்து தங்கையா அண்ணன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். ஒல்லியான ஆள், கழுத்தில் ஒரு சிலுவை. சண்டைக்கு முன்னால் அதே ரயில் பாதையில் தண்டவாளம் பராமரிக்கிற கேங்கில் வேலை பார்த்தவர். பாதையே போன பிறகு, பிழைப்புக்காக பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டவர்.

"ஒங்க லாரி தலைக்கு மேல போனா, அதுலேர்ந்து ஒழுகுற ரப்பர் பாலு யாரு தலைல விழும் கிராணியாரே? ஒங்க தலைல விழட்டும். முடியும் கொறைவா இருக்கு, நல்லா ஒட்டிக்கும்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

அந்த வருடம் என் மனைவி சுசீலாவுக்குத் தலைப்பிரசவம். அவளுடைய அம்மா வீடு ரெம்பியாப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தது. அந்த பஸ்ஸில் நான் அடிக்கடி போய் வந்ததும் அதனால்தான். தாய்வீட்டிலிருந்து ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து பெண்ணை அழைத்துப் போவதுதான் எங்கள் முறை. ஆனால் கம்யூனிஸ்ட்டுகளை அடக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகாலத்தில் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. வேலியைத் தாண்டி ஒரு பிடி அரிசி கொண்டுபோனாலும் காட்டிலிருக்கும் ஆட்களுக்குத்தான் கொண்டுபோகிறாய் என்று பிடித்துவிடுவார்கள். என் மாமியார் மங்களம் என்ன செய்வார் பாவம்? பட்டணத்தில் இறங்கி, எங்கள் வீட்டு அடுப்பிலேயே பீஹூன் என்கிற அரிசிச் சேமியாவைக் கிளறி, மரவள்ளிக்கிழங்கு அவித்து, அதைக் கட்டுச்சோறு என்று பேர் பண்ணிவிட்டுப் பெண்ணை அழைத்துப் போனார். "பீஹூனும் சோறுதான் அத்தே" என்று நான் கிண்டல் பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. எதையோ குறைவாகச் செய்துவிட்ட முகத்தோடுதான் பஸ் ஏறினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுசீலாவைப் பார்க்கப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு வலி கண்டிருந்தது. நாள் இன்னும் இருந்ததால் யாரும் எதிர்பார்க்கவில்லை. தோட்டத்து மருந்துக்காரர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்தார்.

"புள்ள குறுக்க கெடக்கு. இங்க வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டு போயிருங்க. லேட்டானா ரெண்டு பேருக்கும் ஆவாது."

தோட்டத்து லாரி பால் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. துரை வீட்டுக் காரும் இல்லை. மத்தியான பஸ் ஒன்றுதான் கதி. வேலி வாசலில் எங்களைச் சோதித்த போலீஸ்காரர், சுசீலாவின் முகத்தைப் பார்த்ததும் மூட்டையைப் பிரிக்காமலே அனுப்பிவிட்டார். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

பஸ் வந்தது. ஓட்டுநர் இருக்கையில் தங்கையா அண்ணன். முன்படியில் துப்பாக்கியோடு கோப்பரல் யூசோப் என்ற மலாய்க்காரர். அந்தக் காலத்தில் காட்டு ஆட்கள் பஸ்களைக் கொளுத்திக்கொண்டிருந்ததால் சில நாட்களில் இப்படிக் காவல் வரும். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே தங்கையா அண்ணன் எழுந்து வந்து முன்வரிசையைக் காலி பண்ணினார்.

"தம்பி, புள்ளய மெதுவா சாய்ச்சு ஒக்கார வைங்க. நா பாத்து ஓட்டுறேன்."

அதுவரைக்கும் எனக்கு அவர் வாயில் கிராணியார் என்றுதான் பேர். அன்றைக்குத்தான் தம்பி ஆனேன்.

பாதி வழியில் சுசீலா பல்லைக் கடித்துக்கொண்டு என் கையை நெரித்தாள். மாமியார் மறுபக்கம் உட்கார்ந்து, "சோறு கட்டாம அழைச்சாந்தேன். அதான் இப்புடி. எல்லாம் என்னாலதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பின்வரிசையிலிருந்து காய்கறிக்கூடைக்காரச் சீனத்தி ஒருத்தி எழுந்து வந்து, சுசீலாவின் காலடியில் உட்கார்ந்து, பாதத்தைத் தேய்த்துவிட ஆரம்பித்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

மண்மேடு வந்தது. பஸ் நின்றது.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "அண்ணே, இன்னிக்குமா? ரயிலும் இல்ல, மயிலும் இல்ல, எடுங்கண்ணே!" என்று கத்தினேன். அவர் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். கியரில் கை வைக்கும் நேரத்தில் எதிரிலிருந்து ஒரு சைக்கிள்காரன் மேட்டில் ஏறி வந்து கையை ஆட்டினான்.

"போவாதீங்க! முன்னால இருக்குற பாலத்து மேல லாரி கவுந்து கெடக்கு. இந்த வளைவு வரைக்கும் வண்டி நிக்கிது."

முன்னால் எட்டிப் பார்த்தேன். மேட்டிலிருந்து இறங்கும் சாலை, இரண்டு பக்கமும் ஆழமான கால்வாய்க்கு நடுவே வளைந்து போகிறது. வளைவில் வண்டிகளின் முதுகு தெரிந்தது. எங்களுக்குப் பின்னால் பட்டாளத்து லாரிகள் உறுமிக்கொண்டு வந்து நின்றன. மற்ற வண்டிகளைப்போல் நிற்காமல் இறங்கியிருந்தால் அந்த வரிசையில் போய்ச் செருகிக்கொண்டிருப்போம். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது, திருப்பவும் இடமில்லை.

தங்கையா அண்ணன் மறுபடியும் இடது பக்கம் பார்த்தார். இந்த முறை வெகுநேரம் பார்த்தார். லாலான் புல் மண்டிக் கிடந்த அந்த ரயில் மேடு, வயலுக்கு மேலே நேராகப் போய்க்கொண்டிருந்தது.

அவர் கோப்பரலிடம் மலாயில் பேசினார். இந்த மேடு பாலத்துக்கு அந்தப் பக்கம், செங் என்கிற ஊர் கிட்டே சாலையில் போய்ச் சேரும், பஸ் போகிற அகலம் இருக்கிறது என்றார். கோப்பரல் யோசித்தார். சாலையை விட்டு இறங்குகிற வண்டியைச் சுட்டாலும் கேட்பாரில்லாத காலம் அது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ரப்பர் காடு வேறு. அவர் திரும்பிச் சுசீலாவைப் பார்த்தார். பிறகு படியிலிருந்து குதித்து, பின்னால் நின்ற பட்டாளத்துக்காரர்களிடம் ஓடிப்போய் ஏதோ சொல்லிவிட்டு வந்து, துப்பாக்கியைத் தோளில் சரி பண்ணிக்கொண்டு படியில் ஏறினார்.

"ஜாலான்லா, தங்கையா!"

போகலாம் என்று அர்த்தம். பயப்படுகிறவர்கள் இறங்கிக்கொள்ளலாம் என்று தங்கையா அண்ணன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சிலர் இறங்கினார்கள். சீனத்தி தன் கூடையைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் மேட்டில் திரும்பியது. இரண்டு பக்கமும் கீழே வயல். தவளையெல்லாம் துள்ளிக்கொண்டு தண்ணீரில் விழுந்தன. பஸ் ஆடுகிற ஆட்டத்தில் நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். தங்கையா அண்ணன் கழுத்துச் சிலுவையில் இருந்தவரையும் விடவில்லை. தூக்கிக் கட்டின சாலை வேண்டும் என்று மேசையைத் தட்டினேனே, அது இதோ கிடைத்துவிட்டது. தார்தான் இல்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று பிரேக் போட்டார்.

மேடு ஓர் இடத்தில் அறுந்து கிடந்தது. வாய்க்கால் தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருந்த அந்த இடத்தில், பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்கள், மலாய்க் கிராமத்தைக் கம்பம் என்போம், நடந்துபோக இரண்டு தென்னந்தண்டைப் போட்டிருந்தார்கள். மனிதர் போகலாம். பஸ் போகாது.

"இது எனக்குத் தெரியாது தம்பி" என்றார் தங்கையா அண்ணன். "நா இருந்தப்போ இது அறுந்திருக்கல."

நான் அப்படியே மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். சுசீலா உள்ளேயிருந்து, "என்னாங்க, ஏங்க நின்னுருச்சு?" என்று கேட்டாள்.

தங்கையா அண்ணன் உட்காரவில்லை. கம்பத்தைப் பார்த்து இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூவினார். வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கோப்பரல் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பயப்பட வேண்டாம் என்று கத்தி விஷயத்தைச் சொன்னார். ரயில் போன பிறகு பாதையில் கிடந்த சிலிப்பர் கட்டைகளை அந்தக் கம்பத்துக்காரர்கள் எடுத்து வீட்டுக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கோழிக்கூண்டின் அடியிலிருந்து உருவினார். இன்னொரு பெரியவர், பாக் மாட் என்று கூப்பிட்டார்கள், தன் வீட்டு வாசற்படியையே கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டு வந்தார்.

கட்டை ஒவ்வொன்றும் ஆளை அமுக்கும் கனம். தங்கையா அண்ணன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, கேங்கில் கட்டை தூக்கும்போது போடுகிற குரலைப் போட்டார்.

"ஏலே… ஐலசா!"

முதலில் நான் மட்டும்தான் பதில் குரல் கொடுத்தேன். அடுத்த கட்டைக்குக் கோப்பரல் கொடுத்தார். அதற்கடுத்த கட்டைக்குக் கம்பத்து ஆட்கள் எல்லோரும் "ஐலசா" என்றார்கள். அந்த வயல்வெளியில் மலாய் வாயிலிருந்து ஐலசா கேட்டவர்கள் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம். அப்போது அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

கம்பத்துப் பெண்கள் ஒரு சாரோங் துணியை விரித்து, சுசீலாவை அதில் கிடத்தி, தென்னந்தண்டு வழியாக முதலில் அக்கரை சேர்த்தார்கள். சீனத்தி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் இறங்கி நிற்க, வெறும் பஸ்ஸைத் தங்கையா அண்ணன் கட்டைகளின் மேல் விட்டார். முன் சக்கரம் தாண்டியது. பின் சக்கரம் ஏறும்போது பாக் மாட்டின் வாசற்படி சடசடவென்று முறிந்தது. பஸ் ஒரு பக்கம் சாய்ந்தது, உறுமியது, அக்கரையில் ஏறி நின்றது. ஒருவரும் கை தட்டவில்லை. எல்லோரும் மூச்சை விட்டோம்.

பெரியாஸ்பத்திரியில் சுசீலாவை நேரே அறுவைக்குக் கொண்டுபோனார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு தாதி வெளியே வந்து, பெண் குழந்தை, இருவரும் பிழைத்துக்கொண்டார்கள் என்றாள். என் மாமியார் தரையில் விழுந்து கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கும் கும்பிட நிறையப் பேர் இருந்தார்கள்.

வண்டியைக் கம்பெனியில் விட்டுவிட்டுத் தங்கையா அண்ணன் வந்தார். வழியை விட்டு இறங்கியதற்கு முதலாளி திட்டியிருக்கிறார். கோப்பரலே கூடப் போய்ப் பேசி அடக்கியிருக்கிறார். முழங்கால் வரைக்கும் சேறு. நான் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். கடைசியில், வாயில் வந்தது ஒரு கேள்விதான்.

"அண்ணே, அங்க ஏன்ணே நிப்பாட்டுறீங்க?"

அவர் விறாந்தையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான். மரியசூசை. ரெண்டு பேரும் ஒரே கேங்கு. ஜப்பான்காரன் எங்களயே வச்சுத்தான் தண்டவாளத்தக் கழட்டுனான். கழட்டுனத ரயில்ல ஏத்தி, அதோட பாதி ஆளயும் ஏத்திட்டான். நா அந்தக் கேட்டுல நிக்கிறேன். தம்பி வண்டிலேர்ந்து கத்துறான். 'அண்ணே, நா திரும்பி வர்றப்போ நீதான் கேட்டுல நிக்கணும்'னு." அவர் சேற்றுக் கையைப் பார்த்துக்கொண்டார். "சயாமுக்குப் போனவன். வரல. வரமாட்டான்னு தெரியும் தம்பி. ஆனா நிக்காம தாண்ட மனசு வரல."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தம்பி என்று அவர் என்னைக் கூப்பிட்டது அப்போதுதான் சரியாகக் காதில் விழுந்தது.

சில மாதம் கழித்து ரயிலா ரோடா என்று கேட்கிற கூட்டம் நடந்தது. சிவசாமி கடையின் இரண்டு மேசைகளும் அப்படியே எழுந்து போயிருந்தன. ரயில் கட்சிக்காகப் பேசத் தங்கையா அண்ணனை எழுப்பிவிட்டார்கள். அவர் எழுந்து நின்று, தலையைச் சொறிந்து, பேசினார்.

"என் தம்பி அந்தப் பாதைல போனான். தண்டவாளம் திரும்பி வந்தா அவனே வந்த மாதிரி இருக்கும்னு நெனச்சுத்தான் இவ்வளவு நாளும் ரயிலு கேட்டேன். அன்னிக்கு அதே பாதைல ஒரு புள்ள உசுரோட வந்துருச்சு. இனிமே அந்த மேட்டுல தண்டவாளம் வேணாம். ரோடு போடுங்க. அறுந்த எடத்துல ஒரு நல்ல பாலம் போடுங்க. ஆம்புலன்ஸ் போவணும்."

ரயில் மேசைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். அடுத்து ரோடு கட்சித் தலைவன் என்று என்னை அழைத்தார்கள். தூக்கிக் கட்டின சாலையைப் பற்றி நான் ஒத்திகை பார்த்த பேச்சு முழுக்க நெஞ்சில் இருந்தது. ஆனால் அந்த மனிதர் பத்து வருடமாகக் காத்துக்கொண்டிருந்ததை எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டு அங்கே நிற்கிறார். "எனக்கு ரயில்தான் வேணும்னு எழுதிக்குங்க" என்றேன். சிவசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

எங்கள் பேச்சைக் கேட்டுத்தான் முடிவு பண்ணினார்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ரயில் வரவில்லை. அரிசிக் கட்டுப்பாடு தளர்ந்ததும் என் மாமியார் செய்த முதல் வேலை, ஐந்து வகைச் சோறும் கட்டிக்கொண்டு பஸ் ஏறி, அதைத் தங்கையா அண்ணன் மடியில் வைத்ததுதான். "பெத்த புள்ளைக்குக் கட்ட முடியல. ஒனக்காச்சும் கட்டுறேன் சாமி" என்றார். பாக் மாட்டுக்கு நான் புது வாசற்படி வைத்துக்கொடுத்தேன். பழைய படிதான் நன்றாக இருந்தது என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார்.

ஐம்பத்தெட்டில் அந்த மேட்டில், எங்களுக்குத் தேவையான தூரத்துக்கு மட்டும், தார் போட்டார்கள். பஸ் இனிமேல் பழைய சாலையில் இறங்காமல் கேட் இருந்த இடத்தில் திரும்பி, மேட்டு வழியாகவே செங்குக்குப் போகும். முதல் நாள் அந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று நானும் சுசீலாவும் மகளும் ரெம்பியாவில் ஏறினோம். தோட்டத்து ஆட்கள், சந்தைக்குப் போகிறவர்கள், கம்பத்துக்காரர்கள் என்று வண்டி கொள்ளாத கூட்டம். தங்கையா அண்ணனுக்கு முடி நரைத்திருந்தது.

கேட் கம்பங்களை எடுத்துவிட்டிருந்தார்கள். குறுக்கே கடக்க இப்போது எந்தப் பாதையும் இல்லை; நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லை. தங்கையா அண்ணன் நேரே பார்த்துக்கொண்டு, வேகத்தைக் குறைக்காமல் ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

"அண்ணே, நிப்பாட்டு!"

யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியாது. அடுத்த நொடி பஸ் முழுக்கக் கத்தியது. மெயில் லேட்டா என்று கேலி பண்ணின அதே வாய்கள்தான். "நிப்பாட்டுண்ணே!" "பெரெந்திலா, தங்கையா!" "மறந்துட்டியா?" என் மகள் இருக்கையில் ஏறி நின்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள்.

பஸ் நின்றது. தங்கையா அண்ணன் திரும்பி எங்களைப் பார்த்தார். அப்புறம் இடது பக்கம் பார்த்தார். நாங்கள் எல்லோரும் இடது பக்கம் பார்த்தோம். வலது பக்கம் பார்த்தார். எல்லோரும் வலது பக்கம் பார்த்தோம்.

"போவலாம்ணே" என்றேன் நான்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார்.